அடியாத மாடு படியாதா?

'அடியாத மாடு படியாது' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மாட்டைக் குறித்துப் பிறந்த மொழியாயினும், மாட்டோடு அது நின்றுவிடவில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். வகுப்பறையில் பிரம்பைக் கையிலெடுத்த ஆசிரியரும், தேயிலை மலையில் தடியை ஊன்றி நின்ற கங்காணியும், வீட்டிலே பிள்ளையை அதட்டும் தகப்பனாரும் இந்த ஒரு பழமொழியையே தமக்குச் சான்றாகக் காட்டி வந்திருக்கின்றனர். பழமொழி மக்களின் அனுபவத்திலிருந்து பிறப்பது என்பர். உண்மைதான். ஆயினும், எந்த மக்களின் அனுபவம், எத்தகைய சமுதாய அமைப்பின் கீழ்ப் பெற்ற அனுபவம் என்ற கேள்வியையும் உடன் எழுப்பாவிடின், பழமொழியே நம் கையில் பிரம்பாகிவிடும்.

இக்கேள்வியை நம் மனத்தில் அண்மையில் எழுப்பியது ஒரு நாய்.

பதுளை நகருக்குச் சில மைல் தொலைவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். மாலை வேளை. கொழுந்து நிறுத்து முடித்துப் பெண்கள் லயங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். ஒரு லயத்து வாசலில், பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவனொருவன் செந்நிற நாட்டு நாயொன்றின் முன்னே நின்றான். அவன் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தினான், நாய் உட்கார்ந்தது. உட்கார்ந்த அக்கணமே, மற்றக் கையிலிருந்த பேனாவின் பொத்தானை அழுத்தி 'டிக்' என்று ஒலி எழுப்பினான். பின்னர் சட்டைப் பையிலிருந்து ரொட்டித் துண்டொன்று நாய்க்குக் கிடைத்தது. கையைத் தாழ்த்தினான், நாய் படுத்தது. விரலை வட்டமாகச் சுழற்றினான். நாய் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் அந்த 'டிக்'. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு ரொட்டி.

"எத்தனை அடி கொடுத்துப் பழக்கினாய், தம்பி?" என்று விளையாட்டாகக் கேட்டோம்.

"அடிச்சா கிட்டவே வராதுங்க, சேர்" என்றான் அவன். கைத்தொலைபேசியில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டானாம்.

இஸ்தோப்பில் அமர்ந்திருந்த அவனுடைய பாட்டனார், "எங்க காலத்துல இத யாரும் சொல்லித் தரலீங்க" என்றார். அவர் நாயைப் பற்றி மட்டும் சொன்னாரா என்பது நமக்கு விளங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொற்களே நம் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தன. நாயைப் பழக்கும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஊவாவின் வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போது, அதிகாரம், உழைப்பு, கல்வி ஆகியவை குறித்துச் சில உண்மைகள் புலப்படுகின்றன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதனுக்கு முதன்முதலில் துணையாய் வந்த விலங்கு நாய். பயிர்த்தொழிலுக்கும் ஆடு மாடுகளுக்கும் முன்பே, பதினாலாயிரம் ஆண்டுகளுக்கும் அப்பால், வேட்டையாடி உண்ட மனிதக் கூட்டங்களோடு அது இணைந்துவிட்டது. அவ்வுறவின் பழைய வடிவத்தைக் காண நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. ஊவாவின் கீழ்ப்புறத்திலே நில்கல, பிந்தன்னைக் காடுகளில் வாழ்ந்த வேடர்களின் வேட்டையில் வில்லும் நாயும் இணைபிரியாதவை. செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட 'வேடர்கள்' என்னும் ஆய்வுநூல் அம்மக்களின் வாழ்வை விரிவாகப் பதிவு செய்துள்ளது. காட்டில் வேட்டையாடுபவனுக்கு ஓசை பகை. ஆகவே சொல்லினும் சைகையே அங்குப் பெரிது. வேட்டையின் பயனில் நாய்க்கும் பங்கு உண்டு. பசியும் பொது, இரையும் பொது என்ற நிலையில், சவுக்குக்கு அங்கே பெரிய வேலை இருந்திருக்க முடியாது.

நம் இலக்கியமும் நாயை மறக்கவில்லை. பன்னெடுங்காலம் பழகியும் பாகனையே கொல்லும் யானையையும், தன்மீது வேல் எறிந்தவனிடத்திலும் வால் குழைக்கும் நாயையும் நாலடியார் ஒப்பிட்டு, நாயனையார் நட்பையே நாடச் சொல்கிறது. நட்பைப் போற்றும் நல்ல அறம்தான். ஆனால் மறுமுறை படிக்கும்போது வேறொரு பொருளும் தோன்றுகிறது. அடித்தவனிடமே வால் குழைப்பதை ஒரு சமுதாயம் எப்போது பண்பாகப் புகழத் தொடங்குகிறது? வேல் எறிபவனும் அதைத் தாங்குபவனும் என்று மனிதர் பிரிந்த பின்னர் அல்லவா?

இனி ஊவாவின் புதிய வரலாற்றுக்கு வருவோம். 1817-18இல் ஊவாவிலே மூண்ட கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடுமையாக அடக்கினர். வீடுகள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனைகளையும் அரசுடைமையாக்கி, தோட்ட முதலாளிகளுக்கு விற்பதற்கு வழி திறந்தது. காடு அழிந்து கோப்பி வந்தது. காடு அழிந்த அக்காலமே மலைநாட்டில் ஆங்கிலேய வேட்டைக்காரர்களின் பொற்காலமுமாயிற்று. பதுளையிலே அதிகாரம் செலுத்திய மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர் பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த செயின்ட் மார்க் தேவாலயம் இன்றும் நிற்கிறது. கொல்லப்பட்ட யானைகளுக்கும், எரிக்கப்பட்ட ஊர்களின் மக்களுக்கும் அவ்வாறு ஒரு கல் நடுவாரில்லை.

அக்காலத்து நாய்களைப் பற்றி விரிவாக எழுதியவர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில் குடியேறிய அவர், இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்து, ஹோட்டன் சமவெளி முதலிய இடங்களில் மரைகளைத் துரத்தி வேட்டையாடினார். 1854இல் வெளியான 'இலங்கையில் துப்பாக்கியும் வேட்டை நாயும்' என்ற அவரது நூலில் ஸ்மட், கில்பக், பிரான் என்று நாய்கள் பெயர் பெயராக வாழ்கின்றன. ஒவ்வொன்றின் குணமும், வீரமும், சாவும் பேசப்படுகின்றன. அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து, காட்டு வழியிலே நோயாலும் பசியாலும் ஆயிரக்கணக்கில் மாண்ட கூலிகளுக்கு, எந்த வேட்டைக்காரர் நூலிலும் பெயர் கிடைக்கவில்லை. ஒரு காலத்தின் இதயம் எங்கே இருந்தது என்பதை அதன் பெயர்ப்பட்டியலைக் கொண்டே அறிந்துவிடலாம்.

ஆங்கில வேட்டை மரபில் நாய்க்கூட்டத்தை நடத்துபவனிடம் இரண்டு கருவிகள் இருக்கும்: ஒன்று ஊதுகொம்பு, மற்றது சவுக்கு. கூட்டத்தை விட்டு விலகும் நாயைச் சவுக்கினால் உள்ளே தள்ளுவதற்கென்றே தனி ஆள் உண்டு. அவ்வாளின் பெயரிலிருந்தே ஆங்கிலப் பாராளுமன்றத்தில் கட்சி உறுப்பினரை வரிசையில் நிறுத்தும் பதவிக்குப் பெயர் வந்தது. தமிழில் நாம் 'கொறடா' என்கிறோமே, அதுதான். வேட்டைக்களத்துச் சவுக்கு சட்டசபைக்குள் சொல்லாக நுழைந்தது. தோட்டத்துக்குள்ளோ பொருளாகவே நுழைந்தது.

1869 முதல் இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பதென்னையை வாங்கினார். 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் புகையிரதம் எட்டியது. இந்த மாற்றங்களுக்கெல்லாம் அடியிலே ஒரு மாறாத நாளொழுங்கு இருந்தது. விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் ஆண், பெண், பிள்ளைகள் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பெயரழைப்பார். துரை கைகாட்டிய மலைக்குக் கங்காணி ஆட்களை ஓட்டிச் செல்வார். பிந்தி வந்தால் வேலையில்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வேலையை விட்டு ஓடினால் சிறை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளியின் வேலை ஒப்பந்த மீறலைக் குற்றமாக்கியிருந்தது. இவற்றுக்கு மேலே 'துண்டு' என்ற கடன்சீட்டு வேறு. கங்காணியின் கடனைத் தீர்ப்பவர் எவரோ, அவரிடம் தொழிலாளி கைமாறுவான். துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

இந்த ஒழுங்கின் உட்பொருளைச் சற்று நுணுகி நோக்குவோம். தவறு செய்தால் உடனே தண்டம். சரியாகச் செய்தால் மௌனம். அதட்டலும் அபராதமும் அங்கே மொழியாக இருந்தன. பாராட்டுக்கு அம்மொழியில் சொல்லே இல்லை. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி இவ்வொழுங்குக்கு எத்துணை வசதியாய் அமைந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் வேண்டும். உழைக்கும் மக்களை விலங்கோடு ஒப்பிடுவது நமது கருத்தன்று. அவ்வொப்பீட்டைச் செய்தது தோட்ட அமைப்பே. மனிதனையும் விலங்கையும் ஒரே சவுக்கின்கீழ் நிறுத்திய அவ்வமைப்பு, விலங்கைப் பற்றித் தான் கொண்டிருந்த எண்ணத்திலேயே தவறியது என்பதை விஞ்ஞானம் பின்னர் காட்டிவிட்டது. நாம் சொல்ல வருவது அதையே.

அந்த விஞ்ஞானத்தின் கதை சுவையானது. 1898இல் அமெரிக்கரான தோர்ண்டைக், பூட்டிய பெட்டிக்குள் பூனைகளை விட்டுப் பார்த்தார். எந்தச் செயல் நன்மையைத் தந்ததோ அச்செயல் மீண்டும் மீண்டும் நிகழ்ந்து நிலைபெறுவதைக் கண்டார். அதே காலத்தில் ருஷ்யாவிலே, சீரணத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பவ்லோவ், உணவுக்கு முன்னே ஓர் ஒலி தொடர்ந்து கேட்குமாயின், நாளடைவில் அவ்வொலி கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் உமிழ்நீர் சுரப்பதை நிறுவினார். பொருளற்ற ஓர் ஒலி, அனுபவத்தின் வாயிலாகப் பொருளுள்ள குறியாக மாறுகிறது என்பதே இதன் சாரம். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சூழ்ந்திருந்த 1921 ஜனவரியில், பவ்லோவின் ஆய்வுக்கு வேண்டிய வசதிகளை அளிக்குமாறு லெனின் ஆணையிட்டார். 1935இல் லெனின்கிராட் ஆய்வுக்கூடத்தின் முற்றத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னமே எழுப்பப்பட்டது. விஞ்ஞானத்துக்காக உயிர் துறந்த நாய்களுக்கு மனிதர் செலுத்திய சிறு கடன் அது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, மாஸ்கோவில் விளாடிமிர் துரோவ் என்ற கோமாளிக் கலைஞர் இருந்தார். சர்க்கஸ் கூடாரங்களில் இரும்புக் கம்பியும் சவுக்கும் ஆட்சி செய்த நாளிலே, வலியின்றி, உணவும் அன்பும் கொண்டே விலங்குகளைப் பழக்கலாம் என்று அவர் செய்து காட்டினார். அதே காலத்தில் ஜேர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற படையதிகாரி 1910இல் எழுதிய நாய்ப்பயிற்சி நூல், கட்டாயத்தையும் கழுத்துவாரையும் முதன்மையாகக் கொண்டது. பொலிஸ் நாய்களையும் இராணுவ நாய்களையும் பழக்கியவர்கள் நெடுங்காலம் அவ்வழியிலேயே சென்றனர். கூத்தாடியின் வழியும் படையதிகாரியின் வழியும் இவ்வாறு பிரிந்தன. பிற்காலத்து விஞ்ஞானம் கூத்தாடியின் பக்கமே சாய்ந்தது.

1951இல் பி. எப். ஸ்கின்னர், 'விலங்குகளுக்குக் கற்பிப்பது எவ்வாறு' என்னும் கட்டுரையை ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வெளியிட்டார். அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் மலிவான தகர விளையாட்டுப் பொருள் ஒன்று போதும், நாய்க்குக் கற்பிக்கலாம் என்று சாதாரண மக்களுக்கு விளங்குமாறு அதில் எழுதினார். அவரது மாணவர்களான கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதியர் இம்முறையைக் கோழி முதல் பலவகை விலங்குகளுக்கும் கொண்டுசென்றனர். ஹவாயில் ஓங்கில்களைப் பழக்கிய கரன் பிரையர் 1984இல் எழுதிய நூலும், 1990களில் அவர் நடத்திய பயிற்சிகளும் இதனை உலகெங்கும் பரப்பின. ஓங்கிலைக் கயிற்றால் இழுக்க முடியாது. சவுக்கால் அடிக்கவும் முடியாது. பிடிக்காவிடில் அது நீந்திப் போய்விடும். ஆதலின் பழக்குபவர் அறிவைப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. தண்டிக்க முடியாத இடத்தில்தான் கற்பிக்கும் கலை வளர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்முறையின் செயற்பாடு எளிமையானது. முதலில் ஒலிக்குப் பொருளூட்ட வேண்டும். 'டிக்' என்ற ஒலி, உடனே ஒரு துண்டு உணவு. இவ்வாறு பத்துப் பதினைந்து முறை செய்தால் நாய் அவ்வொலியின் பொருளை அறிந்துகொள்ளும். பின்னர், உணவை விரல்களுக்கிடையே பிடித்து நாயின் மூக்குக்கு மேலாகப் பின்புறம் கொண்டுசெல்ல வேண்டும். தலை நிமிரும், பின்புறம் தானே தாழும். அது நிலத்தைத் தொடும் கணத்தில் 'டிக்'. அதன் பிறகு உணவு. சிலமுறை சென்றபின் வெறுங்கையால் அதே அசைவைச் செய்ய வேண்டும். உணவைத் தொடர்ந்து சென்ற நாய் இப்போது கையைத் தொடர்கிறது. அசைவைச் சிறிது சிறிதாகக் குறுக்கினால் அதுவே சைகையாகிறது. சொல்லைச் சேர்ப்பதாயின் கடைசியில் சேர்க்கலாம். சுற்றி வருதல், கைகொடுத்தல், பொருளை எடுத்துவருதல் யாவும் இவ்வாறு சிறு படிகளாகப் பிரித்தே கற்பிக்கப்படுகின்றன. ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம் போதும். செயல் நிலைபெற்றபின் ஒலிக்கருவியும் வேண்டியதில்லை.

ஒலி எதற்கு, உணவையே நேராகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். நாய் உட்கார்ந்த கணத்துக்கும் உணவு அதன் வாய்க்குச் சேரும் கணத்துக்கும் இடையே அது எழுந்துவிடக்கூடும். அப்போது எழுந்ததற்கே பரிசு என்று அது எண்ணிக்கொள்ளும். 'இதோ, இந்தக் கணத்தில் நீ செய்தது சரி' என்று துல்லியமாகச் சுட்டுவதே அவ்வொலியின் வேலை. இன்னொன்றும் உண்டு. நாய் ஒரு படியில் தொடர்ந்து தவறுமாயின், படி மிகப் பெரிதாகிவிட்டது என்பதே இம்முறையினர் கொள்ளும் முடிவு. பிழை கற்பவனுடையதன்று, கற்பிப்பவனுடையது. ஆசிரியர்களாகிய நம்மில் எத்தனை பேர் இதை ஏற்கத் துணிந்திருக்கிறோம்?

உயர்சாதி நாய்க்கே இதெல்லாம் பொருந்தும் என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. தோட்டத்தில் பங்களா நாய்க்கு வம்சாவளி உண்டு. லயத்து நாய்க்கு வாயும் வயிறும் மட்டுமே உண்டு என்பது பழைய நினைப்பு. மனிதன் விரல் சுட்டும் திசையை நாய் விளங்கிக்கொள்வதை 1998இல் பிறயன் ஹெயர் குழுவினரும், ஹங்கேரியில் ஆடம் மிக்லோசி குழுவினரும் தனித்தனியே காட்டினர். கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக்குழு ஒரு படி மேலே சென்றது. எவராலும் வளர்க்கப்படாத, எப்பயிற்சியும் பெறாத இந்தியத் தெருநாய்களும் மனிதனின் கைச்சுட்டைப் பின்பற்ற வல்லன என்று 2020இல் அக்குழு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அருகே வர மறுத்த நாய்களும் அவ்வாய்வில் இருந்தன. மனிதரிடம் அச்சம் கொண்டவை அவை. அறிவு எல்லா நாய்க்கும் உண்டு. அதை வெளிவர விடாமல் தடுப்பது அச்சமே. வம்சாவளி பேசுவோர் நாயிடத்தும் மனிதரிடத்தும் ஒருங்கே தோற்கும் இடம் இது.

இது பொழுதுபோக்கு விஷயமன்று. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். விசர்நாய்க்கடி நோய் நம் நாட்டிலே நெடுங்காலமாக மனித உயிர்களைக் கொன்று வந்திருக்கிறது. 1893இல் அந்நோயைத் தடுக்கவும், 1901இல் நாய்களைப் பதிவு செய்யவும் குடியேற்ற அரசு சட்டங்கள் இயற்றியது. பதிவில்லாத நாயைக் கொன்றொழிப்பதே நெடுங்காலம் வழியாயிருந்தது. ஆயினும் 1973இல் இந்நோயால் 377 பேர் இறந்தனர். பின்னர் நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபின் இறப்புகள் பத்தில் ஒரு பங்கிலும் குறைந்தன. 2006இல் அரசு நாய்களைக் கொல்லும் கொள்கையைக் கைவிட்டது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி ஏற்றினால் நோய்ப்பரவலை அறுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கேதான் லயத்துச் சிறுவனின் வித்தை பொருள் பெறுகிறது. கல்லும் கட்டையும் மட்டுமே கண்ட நாய், ஊசியோடு வருபவரைக் கண்டதும் தேயிலைச் செடிகளுக்குள் ஓடி மறையும். கைகாட்டினால் உட்காரும் நாய்க்கு ஊசி ஏற்றுவது எளிது. அடிக்காமல் பழக்கிய ஒரு நாய், அந்த லயத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு காவல்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும், முற்போக்குச் சிந்தனையுடைய வாசகர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். 'சவுக்குக்குப் பதிலாக ரொட்டித் துண்டு, அவ்வளவுதானே? அடிமைச் சங்கிலிக்குத் தேன் பூசுவதாகாதா இது?' நியாயமான கேள்வி. முதலாளித்துவ உலகம் இதனை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. தண்டத்தால் பெற முடியாததைச் சிறு பரிசுகளால் பெறும் வித்தையைத் தொழிற்சாலைகளும் விளம்பரக்காரரும் அறிவர். தோட்டத்திலும் மேலதிகக் கிலோவுக்கு மேலதிகச் சதம் என்ற கணக்கு உண்டு. பரிசு என்பது தானே விடுதலை ஆகிவிடாது. யார் பரிசளிக்கிறார், எதற்காக அளிக்கிறார், பெறுபவனுக்கு மறுக்கும் உரிமை உண்டா என்பவற்றைப் பொறுத்தது அது.

இக்கேள்விக்கு விடைகாண விஞ்ஞானமே நமக்கு இரு குறிப்புகளைத் தருகிறது. பிரெலண்ட் தம்பதியர் 1961இல் எழுதிய கட்டுரையில் தமது தோல்விகளை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டனர். எவ்வளவு பரிசளித்தாலும் சில விலங்குகள் தம் இயல்பான வழக்கத்துக்கே திரும்பின. எதையும் எழுதிவிடக்கூடிய வெற்றுப் பலகையன்று உயிர். மற்றக் குறிப்பு பவ்லோவினுடையது. 1917ஆம் ஆண்டளவில் அவரது ஆய்வுக்கூடத்தில் ஒரு நாய் விசித்திரமாக நடந்துகொண்டது. நன்றாக உணவளித்தனர், துன்புறுத்தவில்லை, ஆயினும் பரிசோதனை மேடையில் வாரினால் பிணைத்து நிறுத்தியதை அது பொறுக்கவில்லை. இதற்கு விளக்கம் தேடிய பவ்லோவ், உயிர்களுக்குச் 'சுதந்திர அனிச்சை' என ஒன்று உண்டு என்று எழுதினார். அதற்கு எதிராக அடிமைத்தனமும் அனிச்சையாகப் படிந்துவிடக்கூடும் என்றும் அவர் எச்சரித்தார். மேடையிலேயே உணவளித்து, நீண்ட காலம் முயன்ற பின்னரே அந்நாயை அவர்கள் வசப்படுத்த முடிந்தது.

நாய் வசப்பட்டது. மனிதர்?

ஊவாவின் வரலாறே இதற்கு விடை கூறும். 1940இல் மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். அலை ஊவாவுக்குப் பரவியது. மே மாதம் 12ஆம் தேதி, பொலிஸ் தடையை மீறிப் பதுளையில் லங்கா சமசமாஜக் கட்சியின் பொதுக்கூட்டம் நடந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்தத் துரை இணங்க நேர்ந்தது. 'ஒழுங்கை' நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர். தப்பொலிக்கு எழுந்து, விரல் காட்டிய மலைக்கு நடந்த மக்கள், யார் தப்படிப்பது, யார் விரல் காட்டுவது என்று கேட்டுவிட்டனர். அவ்வெழுச்சி அடக்கப்பட்டது. பெருவெள்ளம் தோட்டங்களைத் துண்டித்த நாட்களில் பொலிஸ் அடக்குமுறையும் சேர்ந்து அதை முறித்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவராக எஞ்சியோருக்குச் சட்டம் முழுமையாக வழிவிட 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் வேவஸ்ஸவில் கேட்கப்பட்ட கேள்வி கேட்கப்பட்டதுதான். குறிக்கு இணங்குவது உயிரினங்கள் அனைத்துக்கும் பொது. குறியையே கேள்விக்குள்ளாக்கி, கூடிப் பேசி, புதிய குறிகளை வகுப்பது மனிதருக்கே உரியது.

கல்வி என்பது இந்த இரண்டாவது திறனை வளர்ப்பதாக இருத்தல் வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் நிழலிலேயே கிடந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பரவலாகப் பொறுப்பேற்றது. பிரட்டுக்களத்து ஒழுங்கே பள்ளிக்குள்ளும் நுழைந்திருந்ததில் வியப்பில்லை. 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றங்கள் விதித்த கசையடியை ஒழித்தது. அதே ஆண்டில் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடை செய்தது. சட்டம் வந்துவிட்டது, பழமொழி போகவில்லை. அச்சத்தால் கற்ற பிள்ளை கேள்வி கேட்கமாட்டான். கேள்வி கேளாத பிள்ளை நாளை யாருடைய விரலசைவுக்கும் நடப்பான். ஆகவே பிரம்பை எறிவது இரக்கத்தின்பாற்பட்ட செயல் மட்டுமன்று. அது அரசியற் கடமையுமாகும்.

நாயின் வித்தையிலிருந்து ஆசிரியர் கற்கவேண்டியவை உள. கற்கக் கூடாததும் ஒன்று உண்டு. சிறு படியாகப் பிரித்துக் கற்பிப்பது, சரியானதைச் சரியான கணத்தில் சுட்டிக்காட்டுவது, தோல்வியில் தன்னையே முதலில் நோக்குவது ஆகியவை கற்கவேண்டியவை. பிள்ளை நம் சைகைக்கு உட்காரும்போதே நம் பணி முடிந்துவிட்டது என்று எண்ணுவது கற்கக் கூடாதது.

நாம் விடைபெறும்போது அச்சிறுவன் நாயிடம் ஏதும் காட்டவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனான். நாய் சற்று நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தானே எழுந்து அவன் பின்னே சென்றது. பாட்டனார் அதைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நாள் விடியலில் அந்த வீட்டார் மீண்டும் மலைக்குப் போகவேண்டும். அச்சிறுவன் பள்ளிக்குப் போவான். அங்கே அவன் அச்சமின்றிக் கையை உயர்த்தி, "ஏன், சேர்?" என்று கேட்கும் நாளில், நாம் அவனுக்கு என்ன விடை சொல்லப்போகிறோம்?